சீக்கிரம் சுரந்த பால்

சிவசங்கரிக்குப் பால் சுரந்துவிட்டது என்றதும் டாக்டர் லிஜி சிரித்தார். பிறகு, பால் சுரக்கக் கொடுத்த மாத்திரையை என்றைக்குத் தொடங்கியது என்று இன்னொரு முறை கேட்டார்.

போன வாரம்தான் என்றார் அவள் கணவர் அழகுமலை.

அவர் சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறவர். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துத் தத்தெடுத்த பெண்குழந்தை அவர் தோளில் கிடந்தது. அதற்குத் தானே பால் கொடுக்க வேண்டும் என்பது சிவசங்கரியின் ஆசை. பெறாதவளுக்கு எப்படிப் பால் வரும் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லோரும் கேட்டார்கள்.

பால் சுரக்கச் சொல்லும் ஜீன் எல்லாப் பெண்களிடமும் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நூல்கண்டு மாதிரி இறுகச் சுற்றிக் கிடக்கும். கர்ப்பத்தில் ஊறும் ஹார்மோன் வந்துதான் அதைத் தளர்த்தும். அந்த வேலையை மாத்திரையும் செய்யும், ஆனால் மெதுவாக. முதல் சொட்டுக்கே மாதக்கணக்காகலாம்.

குழந்தையை எடை பார்த்து வரும்படி அழகுமலையை நர்ஸுடன் அனுப்பினார் டாக்டர்.

கதவு சாத்தியதும் நாற்காலியை இழுத்து அவளருகில் போட்டு உட்கார்ந்தார். ஒரு முறை தளர்ந்த நூல்கண்டு பழையபடி இறுகுவதில்லை, ஏற்கெனவே பெற்றவர்களுக்குத்தான் பெரும்பாலும் இவ்வளவு சீக்கிரம் சுரக்கும் என்றார் தாழ்ந்த குரலில். கேள்வியாக எதையும் கேட்கவில்லை.

சிவசங்கரி ஜன்னலைப் பார்த்தாள். எதிர்ச்சரிவில் பெண்கள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

“பையன், டாக்டர். கல்யாணத்துக்கு முந்தி, கம்பம்மெட்டுல ஏலக்காய் ஸ்டோர்ல வேலைக்கு இருந்தப்ப. மொகத்தக்கூடச் சரியாக் காட்டாம கொண்டு போயிட்டாங்க. பால் கட்டி வலிச்சப்ப, மாரைத் துணியால இறுக்கிக் கட்டிவிட்டாங்க.”

அவனுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று டாக்டர் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் ரவிக்கை நனைந்தது. சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தாள். நிற்கவில்லை.

அழகுமலை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். குழந்தை எடை கூடியிருக்கிறதாம். அவர் தோளில் அது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

ஈரமான தலைப்பைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“புள்ள பக்கத்துல வந்தாலே சுரக்குது, பாத்தீங்களா டாக்டர்?”

டாக்டர் லிஜி ஆமாம் என்று தலையசைத்தார்.