தலையணைக்குள் ஒரு கைப்பேசி

உடையப்பனின் தலையணை உறைக்குள் கையை விட்ட ரஜிதா, ஒரு கைப்பேசியை வெளியே எடுத்தாள். அவள் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று.

கடலோரக் காவல் கப்பல் மலேசியாவின் லூமுட் துறையை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கிளம்பும் முன்பே எல்லாருடைய கைப்பேசிகளும் கேப்டன் ஸ்கந்தராஜாவின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டன. உடையப்பனுடையதும்தான். அப்படியென்றால் இது இரண்டாவது.

இரண்டு மாதத்தில் மூன்று முறை போதைப்பொருள் படகைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். கிடைத்த துப்பு ஒவ்வொரு முறையும் சரியானதுதான். ஆனால் கப்பல் கிளம்பும் செய்தி எப்படியோ முந்திக்கொண்டு போய்விடுகிறது.

வழக்கமாகப் பெட்டியில் போடும் முன் எல்லாரும் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வார்கள். ரஜிதாவும் கணவன் மதீசனை அழைத்து, "வர ரெண்டு நாளாகும், பிள்ளைய பாத்துக்குங்க" என்பாள். இன்று அதற்கும் இடமில்லை. இஞ்சின் சோதனை என்று எல்லாரையும் வரவழைத்து, கைப்பேசிகளை வாங்கிய பிறகுதான் பயணத்தைப் பற்றியே வாய் திறந்தார் கேப்டன். அந்த யோசனையைக் கொடுத்தவள் ரஜிதா. பதினான்கு பேரில் அவள் ஒருத்திதான் பெண். எதையும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கூர்ந்து பார்ப்பாள்.

இஞ்சின் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த உடையப்பன், அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னண்ணே?"

"பழைய போனு, புவான். கேம் விளையாட வெச்சிருக்கேன்," என்றார், மேடம் என்பதற்கான மலாய்ச் சொல்லால் அவளை விளித்து.

"கேமா? அத ஏன் ஒளிச்சு வைக்கணும்?"

"இந்த வயசுல கேமான்னு கேப்டன் துவான் ஏசுவாரு லா. தெறந்து பாருங்க, சிம்மே இல்ல."

"சிம்ம கழட்டிக் கடல்ல போட எவ்வளவு நேரமாகும்?"

உடையப்பன் பதினொரு வருடம் இந்தக் கப்பலில் வேலை செய்தவர். ரஜிதா கைப்பேசியைக் காட்டியதும், கேப்டன் அவரைச் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து ஒரு காவலரை நிறுத்தினார். போகும்போது உடையப்பன் ரஜிதாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து மணிக்குச் செம்பிலான் தீவுகளுக்கு அருகே ஒரு நீலப் படகு தெரிந்தது. மீன்பிடிப் படகுதான், ஆனால் வலை காய்ந்து கிடந்தது. கப்பலைக் கண்ட பிறகே அது பதறித் திரும்ப முயன்றது. அதற்குள் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

ஐஸ் பெட்டிகளுக்கு அடியில் தேயிலைப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. கேப்டன் ஒன்றைக் கிழித்தார். உள்ளே கற்கண்டு போல வெள்ளையாகச் சியாபு என்ற போதைப்பொருள்.

படகோட்டியின் பெயர் பத்துமலை. கையில் விலங்கு ஏறிய பிறகும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நீங்க இன்னைக்கு வரமாட்டீங்கன்னுதானே..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யாரு சொன்னா?" என்றார் கேப்டன்.

அவன் கைப்பேசியைப் பிடுங்கி, அவன் விரலையே வைத்துத் திறந்தார்கள். காலை ஏழரைக்கு ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'மச்சான்'.

ஏழரைக்குக் கப்பல் கிளம்பவே இல்லை; இஞ்சின் சோதனை என்றுதான் மற்றவர்கள் நம்பியிருந்தார்கள். அப்போது உடையப்பன் ரஜிதாவின் கண்ணில் படாமல் கீழே தனியாகத்தான் இருந்தார். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உடையப்பண்ணனையும் கூப்பிடுங்க துவான். அவரு குரல அவரே கேக்கட்டும்."

அவரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள். தளத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். கேப்டன் கைப்பேசியை ரஜிதாவிடமே நீட்டினார்.

"நீதானே கண்டுபிடிச்ச. நீயே போடு."

அவள் சத்தத்தை முழுதாகக் கூட்டி, உடையப்பனின் முகத்தைப் பார்த்தபடியே பதிவை அழுத்தினாள். முதல் சொல்லிலேயே அவள் பார்வை கைப்பேசிக்குத் தாவியது.

"பயப்படாம வா மச்சான், என் பொண்டாட்டி இன்னைக்குக் கடலுக்குப் போகல லா."