கழற்றி வைத்த மீட்டர்

பழைய லாரியின் மீட்டர் போர்டில் எச்சரிக்கை விளக்குகள் ஓயாமல் எரிந்ததால், மெக்கானிக் அதைக் கழற்றித் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார். சரிசெய்யும்வரை காத்திருக்க முடியாமல், போர்டு இல்லாமலே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். இன்று சுமை போய்ச் சேராவிட்டால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும், ஊரில் நாலு வயிறு காயும்.

மலை இறக்கத்தில் மெக்கானிக்கின் போன் வந்தது.

"தம்பி, இங்க போர்டுல பிரேக் லைட் எரியுது."

"ஒயரே இல்லாம எப்படிண்ணே எரியும்? காலையிலேயே ஊத்திட்டீங்களா?"

"விளையாடாத. முள்ளு எண்பதுல நிக்குது. வண்டிய ஓரங்கட்டு."

பிரேக்கை மிதித்தான். பெடல் தரைவரை போய் அங்கேயே கிடந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அதுவும் பிடிக்கவில்லை.

"அப்பாடா," என்றார் மெக்கானிக். "லைட் அணைஞ்சிடுச்சு. முள்ளும் பூஜ்யத்துக்கு வந்துடுச்சு. நின்னுட்டியா தம்பி?"

கண்ணாடிக்கு வெளியே மரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.