ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை

கேட் சத்தம் கேட்டதும், தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி எழுந்தாள்.

கணவன் லேப் ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தான்.

"நெகட்டிவ்! உனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

மகள் கைதட்டிக் குதித்தாள்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன். ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"சந்தோஷத்துல கையும் ஓடல, காலும் ஓடல" என்று சிரித்து வைத்தாள்.

ஆபரேஷனில் எடுத்த கட்டி என்னவென்று போன வாரமே டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டார். வீட்டில்தான் அவள் மூச்சுவிடவில்லை.

"சினைப்பையில அபூர்வமா வர்ற கேன்சர்ம்மா. கீமோவுக்கு மசியாது. கட்டியில ஹார்மோன் ரிசப்டர் இருந்தா மாத்திரையாவது கைகொடுக்கும். அது இருக்கான்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட். பாசிட்டிவ்னு வரணும்னு வேண்டிக்குங்க."