கோடிட்ட இடம்

டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. இந்த வருடம் இரண்டு பிழைகள் ஆகிவிட்டன. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு வரியையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

நேற்றுப் பதிவான ஒரு குரல், "இடது முழங்கால்ல ஆபரேஷன்" என்றது. அடித்தாள்.

"இடது இல்லம்மா, வலது. மாத்திடு" என்றது குரல்.

பின்னால் ஓட்டிக் கேட்டாள். இடது மட்டுமே இருந்தது. ஐந்து முறை கேட்டும் இடதுதான். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் கோடிட்டு விட வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் கோடிட்டாள்.

சரிபார்க்கும் அக்கா வந்து ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"இடதுன்னு கணீர்னு சொல்றாரு, உன் காதுல என்ன பஞ்சா? தெளிவா கேக்குற இடத்துல கோடு போட்டாலும் பிழைதான்டி. இது மூணாவது. இனி நான் நினைச்சாலும் உன்னைக் காப்பாத்த..."

பேச்சு பாதியில் நின்றது. அக்கா ஹெட்போனை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"என்னக்கா?"

"அந்தப் பொண்ணைத் திட்டாதீங்கங்கிறாருடி."