செவனம்மாவின் தகரம்

மலையகத்தின் வருங்காலச் சந்ததிகள் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவித்தல் இது: நோர்வூட்டுக்கு மேலே ஆளில்லாமல் கிடந்த லயக் காம்பரா ஒன்று, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை, இன்று முதல் மரபுரிமை இல்லம். ஹட்டனிலிருந்து வந்த தொண்டர்கள் அதன் வாசலில் நிதிக்காக வடை சுடுகிறார்கள். ஒலிபெருக்கி இருமுகிறது. கூரைக்கு வாங்கிய புதுத் தகரம் மரபுக்குப் பொருந்தாமல் பளபளத்ததால், அடுத்த காம்பராவில் குடியிருக்கும் செவனம்மாவின் தகரத்தை, துருப்பிடித்தும் ஒழுகாத தகரத்தை, காலையில் கழற்றி இங்கே ஏற்றிவிட்டார்கள். பதிலுக்குப் புதுத் தகரம் அவளுக்கு என்று பேச்சு. அது இப்போது வடைக் கடைக்குக் கூரையாக நிற்கிறது. அவள் கண் அதைவிட்டு அகலவில்லை.

"எப்பங்க தம்பி மாட்டுவீங்க?"

"யாவாரம் முடியட்டும்மா. எங்கள நம்ப மாட்டீங்களா?" என்கிறார் தொண்டர் சங்கச் செயலாளர் மேர்வின்.

"நம்பித்தானே கழட்ட விட்டேன். கழட்டுறதுக்கு மட்டும் அத்தன பேரும் ஓடியாந்தீங்க."

பனிமூட்டம் கறுக்கிறது. முதல் மழை வடைச் சட்டிக்கு மேலே தகரத்தில் படபடக்கிறது, அவளுடைய அடுப்பில் நேராக விழுந்து சீறுகிறது. செவனம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு, தன் பழைய தகரத்துக்குக் கீழே ஒதுங்க மரபுரிமை இல்லத்தின் படியேறுகிறாள்.

மேர்வின் டிக்கெட் கேட்கிறார்.