மூன்றாவது கட்டைவிரல்

மடக்குக் கத்தியின் அலகைக் கழற்றி எடுத்ததும் எலக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அடக்கிக்கொண்டான். சிரிக்கிற நிலைமையில் அந்த வீடு இல்லை.

போன வாரத்திலிருந்து அவனுக்கும் மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் தையல்காரி. தன் துணி வெட்டும் கத்திரியால் அவன் ஒயர் வெட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். தையல் மெஷின் இருக்கிற வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

அவனும் சும்மா இருக்கவில்லை. கத்தி திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, நகம் பெயர்ந்ததுதான் மிச்சம், கத்திரி கண்ணெதிரே கிடந்தது, அவசரத்துக்கு ஒரே ஒரு தடவை, வாழ்க்கையிலேயே முதல் தடவை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

நடுவில் மகள்தான் தபால்காரி. சோறு ஆறுகிறது என்று இந்தப் பக்கமும், குழம்பில் உப்பு குறைவு என்று அந்தப் பக்கமும் ஓடி ஓடி அலுத்துப்போய், இன்று காலை வேலையை ராஜினாமா செய்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், மனைவியின் பேச்சு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதை வெளியே சொல்ல ரோஷம் விடவில்லை.

ஆகவே மேஜையில் செய்தித்தாளை விரித்துக் கத்தியைக் கழற்றினான். தப்பெல்லாம் கத்தி மேல்தான் என்று ஆகிவிட்டால் தான் தப்பித்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

கணக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. அலகு சுழலும் அச்சில் என்னவோ இறுகச் சுற்றியிருந்தது. ஊசியால் நெம்பினான்.

சிவப்பு நூல்.

அதற்கு அடியில் நீலம். மகளின் பள்ளிச் சீருடை. அதற்கும் அடியில் மஞ்சள், ரோஜா நிறம், யாருடைய ரவிக்கையிலிருந்தோ கொஞ்சம் ஜரிகை.

தன் கத்திரியைத் தொட்டதற்கு ஊமையாகிப்போனவள், அவன் கத்தியை எடுத்து மாதக்கணக்கில் நூல் வெட்டியிருக்கிறாள். கத்தி திறக்காமல் போனதே அதனால்தான்.

நூல்களை வெள்ளைத் தாளில் நிறம் நிறமாக அடுக்கினான். கேஸ் ஜெயம். அடுத்த அறையில் மெஷின் ஓடுகிற சத்தத்துக்குத் தாளம் போட்டபடி, பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துப் பாகங்களைத் தேய்த்தான். துடைத்தான். அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டான்.

மறுபடி மாட்டும்போதுதான் வினை வந்தது.

முதுகுப் பக்கத்து ஸ்பிரிங் பட்டையை ஒரு கை அழுத்த வேண்டும். அலகின் ஓட்டையை ஒரு கை நேராகப் பிடிக்க வேண்டும். அச்சை உள்ளே தள்ள இன்னொரு கை வேண்டும். தொடையில் இடுக்கிப் பார்த்தான். பல்லால் கடித்துப் பார்த்தான். பட்டை துள்ளி மோவாயில் அடித்தது.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே கட்டைவிரல் எதிர்க்கட்சியிடம் இருந்தது.

நூலைக் காட்டினால் கேஸ் ஜெயிக்கும். கட்டைவிரல் வராது. பேச்சும் வராது.

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு அழகான சாட்சியை விட மனசே இல்லை. பிறகு எல்லாவற்றையும் உருட்டிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, ஒரு விரல் இருந்தால் தேவலை என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மெஷின் நின்றது.

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் பட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். அவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்ததில் அவனுக்கு அச்சு எங்கே, ஓட்டை எங்கே என்று ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

அச்சு உள்ளே போனது. ஸ்குரூக்களை இறுக்கினான். கத்தி வெண்ணெய் மாதிரித் திறந்து, டக்கென்று நின்றது.

அலகையே பார்த்தபடி, உள்ளே ஏதாவது இருந்ததா என்று அவள் கேட்டாள்.

பேசிவிட்டாள். அவனுக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது.

"ஒண்ணுமில்ல, வெறும் அழுக்குதான்."

அவள் அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தாள். சிவப்பு நூல் ஒன்று வெளியே வாலாட்டிக்கொண்டிருந்தது.

எழுந்து உள்ளே போனாள். மெஷின் ஓடவில்லை. காரியம் கெட்டது என்று அவன் நினைத்தபோது கத்திரியோடு திரும்பி வந்து, அதை அவன் முன்னால் வைத்தாள். இதுவும் பிசகுகிறது, கையோடு கையாகக் கழற்றித் துடைத்துக் கொடுக்கச் சொன்னாள்.

அவளாக வாய் திறந்து ஒரு வேலை சொல்கிறாள். எலக்ட்ரீஷியன் குஷியாக ஸ்குரூ டிரைவரை எடுத்தான். பாதி திருகியதும் கை நின்றுவிட்டது.

ஒயரை யாரும் கத்திரியின் நுனியில் வெட்டுவதில்லை. ஸ்குரூவை ஒட்டித்தான் வெட்டுவார்கள். அங்கேதான் பிடி கிடைக்கும்.

கத்திரி நன்றாகத்தான் இருக்கிறது, மேலாக எண்ணெய் விட்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தான். அவள் கட்டைவிரலால் கத்திரியை ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லை. திருகினான். அலகுகள் பிரிந்தன.

ஸ்குரூவைச் சுற்றிலும் ஒயர்த் தோலின் துணுக்குகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. அடியில் இருந்தவை வெளுத்தே போயிருந்தன. வாழ்க்கையிலேயே முதல் தடவைக்கு அவ்வளவு நிறம் வராது.

அவள் ஊசியை எடுத்து ஒவ்வொன்றாக நெம்பி உள்ளங்கையில் சேர்த்தாள். மேஜைக்கு மேலாகக் குனிந்து, அவன் பையில் நூல்களோடு நூல்களாகப் போட்டாள். வெளியே தொங்கிய சிவப்பு வாலையும் உள்ளே தள்ளிப் பையைத் தட்டிவிட்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

"வெறும் அழுக்குதாங்க."