பிரஸ் மெஷின் சொன்ன சாட்சி

ஆயுத பூஜையன்று பிரஸ் மெஷினின் கேமரா கண்மேல் சந்தனப் பொட்டு வைத்தவள் குணவதிதான். மறுநாள் அந்த மெஷின் அவளுடைய இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது.

"கண்ணை மறைச்சது நீ. அப்புறம் நஷ்டஈடு எப்படிம்மா கிடைக்கும்?" விசாரணை அறையிலேயே மேனேஜர் சிரித்தார்.

தொழிலாளர் அதிகாரி மெஷினைச் சாட்சிக்கு அழைத்தார். மேஜைமேல் இருந்த ஸ்பீக்கர் வழியே அது பேசியது.

"கண்ணு தெரியலைன்னதும் நின்னுட்டேன் சார். மேனேஜர்தான், 'பழகின கை, அவ பார்த்துக்குவா, நீ ஓடு'ன்னு ஓட வச்சாரு."

மேனேஜரின் சிரிப்பு காணாமல் போயிற்று. முழு நஷ்டஈடு என்று தீர்ப்பானது.

குணவதி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். "உண்மையைச் சொல்லிட்டியே, உன்னைக் காயலான் கடையில போட்டுடுவாங்களேடா!"

"சாட்சி சொன்ன மெஷினைத் தொடக் கூடாதுக்கா. உங்க சங்கம் போராடி வாங்கின சட்டம்தானே?"